மூன்றாவது தொட்டி

பெருஷோ வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேர். மூத்தவர் ரெஜிஸ், ஐம்பத்தாறு வயது, கல்யாணம் செய்துகொள்ளாதவர். இளையவன் லூதோவிக் அவரைவிட ஏழு வயது சின்னவன். பிரான்சின் பொஜொலே மலைச்சரிவில், வெர்னூஸ் ஊருக்கு மேலே ஒன்பது ஹெக்டேர் திராட்சை இரண்டு பேருக்கும் பொது. வீடு தேடி வருகிறவர்களுக்கு ஒயின் ஊற்றிக் கொடுத்து, பேசி, இரண்டு பெட்டி வாங்கவைத்து அனுப்புவது ரெஜிஸின் பாடு. கொடியும் டிராக்டரும் தொட்டிகளும் தம்பியின் பாடு. ரெஜிஸுக்கு டிராக்டர் ஓட்ட வராது என்றில்லை. தம்பி விடமாட்டான்.

"பெரியவரே, நீ போய் டச்சுக்காரங்களுக்கு நம்ம மண்ணப் பத்திக் கதை விடு. மண்ண நான் பாத்துக்கறேன்" என்பான்.

அந்த வருஷம் அறுவடை செப்டம்பர் முதல் வாரத்திலேயே தொடங்கிவிட்டது. கூலிக்கு வந்தவர்கள் மேல்சரிவில் இன்னும் வெட்டிக்கொண்டிருந்தபோதே, முதலில் நிரப்பிய மூன்றாவது தொட்டி நொதித்து அடங்கியிருந்தது. முந்தின நாள் மாலை அதிலிருந்த ஒயினை வடித்து வேறு கலனுக்கு மாற்றியாகிவிட்டது. அடியில் இடுப்பளவுக்குச் சக்கை மட்டும் கிடந்தது. தொட்டியின் கீழ்க்கதவைத் திறந்து, ஒருவர் உள்ளே நுழைந்து, நீண்ட வாரியால் அதை வெளியே தள்ளவேண்டும். பிறகு பிழிவார்கள்.

நொதித்த சக்கை விடுகிற கரியமில வாயுவுக்கு நிறம் இல்லை. கனம் உண்டு. சிமெண்ட் தொட்டியின் அடியில் தண்ணீர்போலத் தேங்கி நிற்கும். நாலைந்து மூச்சில் ஆள் விழுந்துவிடுவான். அதனால் உள்ளே இறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே பெரிய விசிறியைப் போட்டு அந்தக் காற்றை வெளியே உறிஞ்சுவார்கள். வேலை முடிகிறவரை அது ஓடவேண்டும். அது ஓடினால் வீட்டின் பாதி அதிரும். லூதோவிக் தலையில் காதுக்கவசம் மாட்டிக்கொண்டுதான் இறங்குவான்.

அன்று காலை ஒன்பதரைக்கு விசிறியைப் போட்டவன் லூதோவிக்தான்.

"ஒரு சுத்து மேல போய் வெட்டறவங்களப் பாத்துட்டு, காப்பி குடிச்சிட்டு வந்து எறங்கறேன்" என்றான். "ஃபேன் ஓடட்டும்."

"பத்தரைக்கு பெல்ஜியம்காரங்க வராங்களே" என்றார் ரெஜிஸ்.

"வரட்டும். நம்ம வீட்டு சங்கீதத்தையும் கேட்டுட்டுப் போகட்டும். அதுக்குத் தனியா எதுவும் கேக்காத, பெரியவரே."

சுவைத்துப் பார்க்கிற அறை தொட்டிகளுக்கு நேர் மேலே. பலகைத் தரை. விசிறியின் பொத்தான் அந்த அறைக் கதவுக்கு வெளியே, மாடிப்படி முடிகிற சுவரில் இருந்தது. அப்பா காலத்தில் யாரோ அங்கே வைத்துவிட்டார்கள். மாற்றவேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் அறுவடைக்குப் பிறகு பேசுவார்கள்.

பெல்ஜியத்தின் கென்ட் நகரிலிருந்து வந்தவர்கள் கணவனும் மனைவியும். யோஸ்த், ஹில்ட என்று பெயர். இரண்டு பேரும் பள்ளிக்கூட வாத்தியார்களாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். ஒவ்வொரு செப்டம்பரிலும் காரில் தெற்கே கிளம்பி, வழியில் ஊர் ஊராகத் தங்கிப் போவது அவர்கள் வழக்கம். ஹில்ட உள்ளே வந்ததும் ஜன்னலுக்குப் போய்ச் சரிவையும் முற்றத்தையும் படம் எடுத்தாள். கீழே யாரோ கை அசைத்தார்கள் என்று சிரித்தாள். யோஸ்த் முதல் கோப்பையை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். ரெஜிஸ் இளஞ்சிவப்புக் கருங்கல் மண்ணைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.

"மன்னிச்சுக்குங்க" என்று ஹில்ட காதருகே கையைக் குவித்தாள். "எனக்கு இந்தப் பக்கம் காது கொஞ்சம் மந்தம். கீழ ஏதோ மெஷின் ஓடுதே, நீங்க சொல்றது எதுவும் விழல."

"ஒரு நிமிஷம்" என்றார் ரெஜிஸ். வெளியே போய்ப் பொத்தானை அமர்த்திவிட்டு வந்தார்.

வீடு சட்டென்று அமைதியானது. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் புன்னகைத்தார்கள். பத்து நிமிஷத்தில் திரும்பப் போட்டுவிடலாம் என்று அவர் நினைத்தார். தம்பி மேல்சரிவுக்குப் போயிருக்கிறான், திரும்ப நேரமாகும். பிறகு கருங்கல்லைப் பற்றிச் சொன்னார். அப்பா ஒருமுறை பாதிரியாருக்கு வினிகரை ஊற்றிக்கொடுத்த கதையைச் சொன்னார். அது எப்போது சொன்னாலும் எடுபடும். யோஸ்த் கண்ணில் நீர் வரச் சிரித்தார். முந்தின மாலை வடித்த புது ஒயின் இருந்த கலனிலிருந்து ரெஜிஸ் ஒரு குடுவை கொண்டுவந்திருந்தார். இன்னும் கலங்கலாக, இளஞ்சூடு மாறாமல் இருந்த அதையும் ஊற்றிக் கொடுத்தார். வந்தவர்களுக்கு அது பெரிய சலுகை. அதற்கு ஒரு பேச்சு இருந்தது, அதையும் பேசினார். ஆறு பாட்டில் வாங்கினார்கள். காருக்குக் கூடவே போய், பின்பக்கம் பெட்டிகளை நகர்த்தி இடம் பண்ணிக்கொடுத்து, கை அசைத்து அனுப்பினார்.

திரும்பும்போதுதான் விசிறி ஓடவில்லை என்பது உறைத்தது. ஓடவில்லை, ஆகையால் தம்பி இன்னும் வரவில்லை என்று எண்ணிக்கொண்டே கீழ்வாசல் வழியாகத் தொட்டி அறைக்குள் போனார்.

மூன்றாவது தொட்டியின் கீழ்க்கதவு திறந்திருந்தது. வெளியே இரண்டு வாரிச் சக்கை விழுந்து கிடந்தது. இரண்டே வாரி. கதவு விளிம்பில் ஒரு ரப்பர் பூட்ஸின் அடிப்பாகம் தெரிந்தது.

ரெஜிஸ் ஓடவில்லை. மாடிப்படி ஏறி முதலில் பொத்தானை அழுத்தினார். அப்புறம் இறங்கி வந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பூட்ஸையும் பற்றி இழுத்தார். தம்பி கனமாக இருந்தான். காதுக்கவசம் இன்னும் காதிலேயே இருந்தது. அதனால்தான் விசிறி நின்றிருந்தது அவனுக்குத் தெரியவில்லை என்பது அந்தக் கணமே ரெஜிஸுக்குப் புரிந்துவிட்டது. புரிந்தது உள்ளே எங்கோ போய் உட்கார்ந்துகொண்டது. வேறொன்றும் நடக்கவில்லை. தீயணைப்பு வண்டிக்குப் போன் செய்து, வீட்டுக்கு வரும் வழியைத் தெளிவாக, இடது புறம் இரண்டாவது திருப்பம் என்று சொன்னார். அவர்கள் வந்து அரை மணி நேரம் போராடிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். லூதோவிக்கின் மனைவி கொரீன் சமையலறை ஏப்ரனுடன் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் போய் நிற்கவேண்டும் என்று ரெஜிஸுக்குத் தோன்றியது. போய் நின்றார்.

நகரத்திலிருந்து வந்த போலீஸ்காரர் இளைஞர், மரியாதையானவர்.

"நீங்க வரும்போது ஃபேன் ஓடிட்டிருந்துச்சா?"

"ஓடல."

"உங்க தம்பி போடலையா?"

"நான் மேல இருந்தேன். விருந்தாளிங்க வந்திருந்தாங்க."

அவர் எழுதிக்கொண்டார். சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மைதான். கையெழுத்துப் போடச் சொன்னார், ரெஜிஸ் போட்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அடுத்த தோட்டத்துக் கிழவர் ஃபிர்மேன் தன் டிராக்டரில் வந்தார். அவர் பின்னால் இன்னும் நாலு வீட்டார் வந்தார்கள். கத்தரியும் கூடையும் அவரவர் கொண்டுவந்திருந்தார்கள்.

"வெயில் இப்படி அடிக்குது, பழம் தாங்காது ரெஜிஸ்" என்றார் ஃபிர்மேன். "நாங்க வெட்டறோம். நீ உள்ள போய் உக்காரு."

ரெஜிஸ் உட்காரவில்லை. மற்றத் தொட்டிகளைப் பார்க்கவேண்டியிருந்தது. ஐந்தாவது தொட்டி அன்று சூடேறிக்கொண்டிருந்தது. கொரீன் முப்பத்தைந்து பேருக்கு மதிய உணவு சமைத்தாள். அண்டை வீட்டுப் பெண்கள் உதவிக்கு வந்தபோது, உருளைக்கிழங்கு சீவுங்கள் போதும், அடுப்பை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். நாலாம் நாள் அடக்கம். தேவாலயத்தில் ரெஜிஸ் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பாதிரியாரின் வலது ஷூவின் கயிறு அவிழ்ந்திருந்தது. அது தடுக்கிவிடுமோ என்று பார்த்துக்கொண்டிருந்தார். தடுக்கவில்லை. சவப்பெட்டியின் ஒரு மூலை அவர் தோளில் இருந்தபோது, ஐந்தாவது தொட்டியை இன்று வடிக்காவிட்டால் நாளை கெட்டுவிடும் என்ற யோசனை வந்தது. மாலையில் வடித்தார்.

அறுவடையின் கடைசி நாள், வெட்டியவர்களில் ஒருத்தி பழக்கதோஷத்தில் டிராக்டரின் முகப்பில் செருக ஒரு பூங்கொத்தைக் கட்டிவிட்டாள். பிறகு நினைவுவந்து அதை வரப்பில் வைத்துவிட்டு வந்தாள். கடைசி நாள் விருந்து வைக்கவில்லை. சாப்பாடு மட்டும் நடந்தது. பாட்டு இல்லை.

குளிர்காலம் வந்தது. ரெஜிஸ் கொடி கத்தரித்தார். தன் வரிசை, தம்பியின் வரிசை, எல்லாம். வெட்டிய குச்சிகளைத் தள்ளுவண்டித் தகரத்தில் போட்டு எரித்துக்கொண்டே நடப்பார். சரிவு முழுக்க ஒவ்வொரு தோட்டத்திலும் ஒவ்வொரு புகை எழுந்து நிற்கும். கையுறை இல்லாமலே வேலை செய்தார். விரல் வெடித்தது. வலிக்கவேண்டும், வலித்தது, ஆனால் அது யாருடைய விரலோ போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கொரீன் அவரையும் சேர்த்துச் சமைப்பாள். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பேச்சு வேலையைப் பற்றித்தான்.

"கீழ்வரிசைல ஏழு கொடி செத்துருச்சு."

"மார்ச்சுல புதுசு நடணும்."

"கம்பி வேற அறுந்துருக்கு."

"அடுத்த வாரம் பாக்கறேன்."

அவள் எதையாவது கேட்பாளோ என்று அவர் அஞ்சவில்லை. கேட்டால் சொல்லிவிடலாம் என்றும் நினைக்கவில்லை. அந்தப் பொத்தான் அவருக்குள் எங்கேயோ இருந்தது. அதைச் சுற்றி நடந்து போகப் பழகிவிட்டார்.

ஜனவரியில் ஒருநாள் ரொட்டிக் கடையில் வரிசை நின்றது. கொரீன் முன்னால், ரெஜிஸ் இரண்டு பேர் பின்னால். தபால் ஆபீசில் வேலை பார்த்த கிழவி ஒருத்தி, கொரீன் இருப்பதைக் கவனிக்காமல் பக்கத்திலிருந்தவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பாவம்தான். ஆனா லூதோ எப்பவும் அவசரக்காரன். சின்னப்புள்ளையிலேயே அப்படித்தான். ஃபேனக் கூடப் போடாம எவனாவது உள்ள நுழைவானா?"

கொரீன் ரொட்டியை வாங்கிக்கொண்டு, கடைக்காரிக்கு நல்ல நாள் சொல்லிவிட்டு வெளியே போனாள். ரெஜிஸ் வரிசையில் நின்றார். வெட்கப்படவேண்டிய இடம் இது என்று அவருக்குத் தெரிந்தது. வெட்கம் வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார். வரவில்லை. அவர் முறை வந்ததும், "நல்லா முறுகினதா ஒண்ணு" என்றார்.

மூன்றாவது தொட்டியிலிருந்து முந்தின நாளே வடித்த ஒயின் தனிக் கலனில் இருந்தது. சக்கையை அப்போதே யாரோ அள்ளிக் குழியில் கொட்டிவிட்டார்கள். ஆனால் ஒயினில் ஒரு குற்றமும் இல்லை. பிப்ரவரியில் எல்லாக் கலன்களையும் சுவைத்துப் பார்க்க ஃபிர்மேன் வந்தார். ஒவ்வொன்றாக வாயில் வைத்து, சுழற்றி, துப்பிக்கொண்டே வந்தவர், அந்தக் கலனில் நின்றார். துப்பவில்லை. விழுங்கிவிட்டார்.

"இந்த வருஷத்துல நல்லா வந்துருக்கறது இதுதான்" என்றார். பிறகுதான் எது என்று நினைவு வந்து தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். "என்ன பண்ணப் போறீங்க இத?"

ரெஜிஸுக்குத் தெரியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை கொரீனிடம் கேட்டார். காய்ச்சி வடிக்கிறவனிடம் கொடுத்துவிடலாம், அல்லது சாக்கடையில் திறந்துவிடலாம் என்றார்.

கொரீன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அதுல அவன் ஆறு மாச உழைப்பு இருக்கு. பாட்டில்ல போடு."

"தனியாவா?"

"தனியாத்தான். வேறெதோடயும் கலக்காத."

மார்ச் கடைசியில் பாட்டிலில் அடைத்தார்கள். ஏப்ரலில், முதல் துளிர்கள் விரல் நுனியளவு வந்திருந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை காலை கென்ட் நகரத்துக் கார் முற்றத்தில் வந்து நின்றது.

சொல்லாமல் வந்தவர்களைப் பார்த்து ரெஜிஸ் திடுக்கிடவில்லை. மேலே அழைத்துப் போனார். கோப்பை வைத்தார். யோஸ்த் ஒரு குளிர்காலம் முழுக்க அந்தக் கலங்கல் ஒயினைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததாக ஹில்ட சொன்னாள்.

"எங்க வீட்டுக்கு வந்தவங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரு. கலன்லேர்ந்து நேரா ஊத்திக் குடுத்தாங்க, உலகத்துலயே அப்படி ஒண்ணு கிடையாதுன்னு. அவங்களுக்கெல்லாம் அலுத்துப்போச்சு."

"அது இப்ப பாட்டிலுக்கு வந்துருச்சா?" என்றார் யோஸ்த்.

"வந்துருச்சு" என்றார் ரெஜிஸ். ஒன்றைத் திறந்து ஊற்றினார். அவரும் ஒரு வாய் எடுத்தார். செர்ரி, ஈர மண், பின்னால் மெல்லிய மிளகு. மூக்கும் நாக்கும் ஒழுங்காக வேலை செய்தன. அவற்றை வார்த்தையாக்கி வந்தவர்களிடம் சொன்னார். யோஸ்த் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

அப்போது கொரீன் சீட்டு ஒட்டாத பாட்டில்களின் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். ரெஜிஸ் அவளை, "என் தம்பி மனைவி" என்று சொன்னார்.

"ஓ, அப்படீன்னா இது உங்களுக்குத்தான்" என்று ஹில்ட கைப்பையிலிருந்து ஒரு உறையை எடுத்தாள். உள்ளே ஒரு படம். "போன தடவ இங்கேர்ந்து எடுத்தது. சரிவ எடுக்கப் போனேன், கீழேர்ந்து ஒருத்தர் கைய ஆட்டினார். அவர் ரெஜிஸோட கூடப்பொறந்தவரா இருக்கும்னு எங்க வீட்டுக்காரர்தான் சொன்னார். ரெண்டு பேருக்கும் மூக்கு ஒரே மாதிரி."

படத்தில் லூதோவிக் முற்றத்தின் நடுவில் நின்றிருந்தான். ஒரு கையில் காப்பிக் கோப்பை. இன்னொரு கை தலைக்கு மேலே. காதுக்கவசம் கழுத்தில் தொங்கியது. ரெஜிஸ் எண்ணியதுபோல அவன் அப்போது மேல்சரிவில் இல்லை. போய்த் திரும்பிவிட்டிருந்தான். தொட்டிக்கு இருபது அடி தூரத்தில் இருந்தான்.

கொரீன் பெட்டியைக் கீழே வைத்தாள். படத்தை வாங்கி வெளிச்சத்துக்குப் பிடித்தாள்.

"அன்னைக்கி எங்களுக்கு ரொம்ப நல்ல நாள்" என்றாள் ஹில்ட. "உங்க மச்சாண்டார் எவ்வளவு தன்மையானவர் தெரியுமா? எனக்குக் காது கேக்கலன்னு சொன்னதும், கீழ ஓடிட்டிருந்த மெஷினயே நிறுத்திட்டு வந்து பேசினார். வேற எந்த வீட்லயும் அப்படிச் செய்யமாட்டாங்க."

ரெஜிஸ் மேசைமேல் இருந்த தக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொரீன் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இத நான் வச்சுக்கலாமா?" என்று கேட்டாள்.

"உங்களுக்குத்தான் கொண்டுவந்தேன். அவர் இருக்காரா? ஒரு வணக்கம் சொல்லிட்டுப் போலாமேன்னு."

"இல்லீங்க. இறந்துட்டார். போன வருஷம், அறுவடை சமயம்."

"ஐயோ. உடம்பு சரியில்லாமலா?"

"விபத்து" என்றாள் கொரீன். எந்த நாள் என்று சொல்லவில்லை. "உங்களுக்கு எத்தனை பெட்டி வேணும்?"

மூன்று பெட்டி வாங்கினார்கள். யோஸ்த் கொரீனின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். அவள் நன்றி சொன்னாள். கார் வளைவில் மறைகிறவரை முற்றத்தில் நின்று பார்த்தாள். அப்புறம் படியேறி வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, படத்தை மேசைமேல் வைத்தாள்.

"அது நான்தான்" என்றார் ரெஜிஸ். "பத்து நிமிஷத்துல போட்டுறலாம்னு நெனச்சேன்."

"அவ சொன்னது காதுல விழுந்துச்சு."

கீழே பூனை எதையோ உருட்டியது.

"ஃபேன் நின்னது எனக்கும் தெரியும்" என்றாள் கொரீன். அவள் குரலில் கோபம் இல்லை. விலாசம் சொல்கிறவள்போலச் சொன்னாள். "சமையல்கட்டுல ரொட்டி வெட்டிட்டிருந்தேன். காலைலேர்ந்து தலைவலி. சத்தம் நின்னதும் அப்பாடான்னு இருந்துச்சு. லூதோதான் நிறுத்தியிருப்பான், இன்னும் எறங்கலன்னு நெனச்சேன். போய்ப் பாக்கல. எல்லா ரொட்டியையும் வெட்டி, துணி போட்டு மூடி வச்சேன். அதுவரைக்கும் நல்லா இருந்துச்சு, ரெஜிஸ். சத்தமில்லாம."

"நீ ஏன் இத யார்கிட்டயும் சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?"

ரெஜிஸ் தக்கையை எடுத்துத் திறந்த பாட்டிலில் செருகினார்.

"யாராவது நிறுத்தியிருக்கணும், இல்ல அவனே நிறுத்தியிருக்கணும்" என்றாள். "நீயா இருக்கும்னு தோணுச்சு. அப்புறம் நீயா இருந்தா சொல்லியிருப்பியேன்னு தோணுச்சு. கிறிஸ்துமஸ் வரைக்கும் பாத்தேன். நீ கம்பியப் பத்தியும் செத்த கொடியப் பத்தியும் பேசின. சரி, அவன்தான்போலன்னு நானும் விட்டுட்டேன். புருஷன் மேல பழியப் போட்டுட்டுத் தூங்கினேன்."

அவள் எழுந்து பெட்டியைத் தூக்கினாள். கதவுக்குப் போய்த் திரும்பினாள்.

"ரொட்டிக் கடைல பேசறாங்களே, அது நிக்கணும். அத நீதான் நிறுத்தணும். நான் சொன்னா புருஷனுக்காகப் பேசறேன்னுவாங்க."

மறுநாள் ரெஜிஸ் கோட்டு போட்டுக்கொண்டு நகரத்துப் போலீஸ் நிலையத்துக்குப் போனார். அந்த இளைஞர் வெளியே போயிருந்தார். காத்திருக்கச் சொன்னார்கள். பக்கத்து நாற்காலியில் ஒருவர், லாரி ஓட்டுகிறவர்போல இருந்தார், தொலைந்துபோன நாயைப் பற்றி எழுதிக்கொடுக்க வந்திருந்தார். ரெஜிஸ் கேட்காமலே அவர் எல்லாவற்றையும் சொன்னார். நெடுஞ்சாலை ஓய்விடத்தில் வண்டியை நிறுத்தினாராம். கதவைத் திறந்தாராம். ஒரு நிமிஷம்தானாம்.

"ஒரு நிமிஷங்க. சிகரெட் பத்த வச்சுட்டுத் திரும்பறேன், ஆளக் காணோம்."

"பேரு என்ன?" என்றார் ரெஜிஸ்.

"எனக்கா?"

"நாய்க்கு."

"பிஸ்டன்" என்றார் அவர். அந்தப் பெயரைச் சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. ரெஜிஸ் அந்தத் தோளைப் பார்த்தார். ஒரு நாய்க்காக ஒருவர் இவ்வளவு அழுகிறாரே என்று வியப்பாக இருந்தது. ஏழு மாதத்தில் அவருக்கு வந்த முதல் வியப்பு அது.

வாக்குமூலம் அரை மணி நேரத்தில் முடிந்தது. இளைஞர் பழைய தாளை எடுத்துவைத்துப் படித்துப் பார்த்தார்.

"நீங்க பொய் சொல்லல" என்றார் மெதுவாக.

"இல்ல" என்றார் ரெஜிஸ். "அப்படியே இருந்துட்டேன்."

திரும்பும் வழியில் ஃபிர்மேன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமலே ஜன்னலை இறக்கி, அவரிடமும் சொன்னார். ஃபிர்மேன் கையிலிருந்த மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு, நெடுநேரம் வண்டியின் கூரையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"செத்தவன அவசரக்காரன்னு நானும்தான்டா சொன்னேன்" என்றார் கடைசியில். "மூணு பேர்கிட்டயாவது சொல்லியிருப்பேன்."

"அவங்ககிட்ட மாத்திச் சொல்லிடு."

"சொல்றேன். நீ வீட்டுக்குப் போ."

மாலைக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. சிலர் ரெஜிஸைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போனார்கள். தபால் ஆபீஸ் கிழவி கொரீன் வீட்டுக்கு ஒரு ஆப்பிள் பணியாரத் தட்டோடு வந்து, வாசலிலேயே நின்று, வைத்துவிட்டுப் போனாள். ஊர் கூட்டுறவுக் கூட்டத்தில் ரெஜிஸின் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அடுத்த கூட்டத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள்.

அடுத்த செப்டம்பரில், அறுவடை முடிகிறவரை விருந்தாளிகள் வரவேண்டாம் என்று வாசல் கம்பியில் பலகை தொங்கவிட்டார்கள். முதல் தொட்டியின் சக்கையை வெளியே தள்ளுகிற நாள் வந்தபோது கூலிக்கு ஆள் பேசியிருந்தார் ரெஜிஸ். கொரீன் அந்த ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டாள். லூதோவிக்கின் பூட்ஸ் அவளுக்குப் பெரிதாக இருந்தது. உள்ளே இரண்டு காலுறை போட்டுக்கொண்டாள்.

"நான் எறங்கறேன்" என்றார் ரெஜிஸ்.

"வேணாம். நீ வெளிய நில்லு. இந்தக் கயித்தப் பிடி."

இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அவர் கதவருகே நின்றார். விசிறி ஓடிக்கொண்டிருக்க, அவள் வாரி வாரித் தள்ளினாள். ஒரு மணி நேரமும் பத்து நிமிஷமும் ஆனது. ரெஜிஸ் ஒரு அடி நகரவில்லை. நடுவில் போன் இரண்டு முறை அடித்தது, எடுக்கவில்லை. அவள் வியர்வையும் சக்கையுமாக வெளியே வந்து கயிற்றை அவிழ்க்கச் சொன்னபோது அவர் விரல்கள் பிரியவில்லை. அவளே ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள்.

வழக்கு நவம்பரில் வந்தது. கவனக்குறைவால் மரணம் விளைவித்தது, ஆறு மாதம், நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை. சிறை இல்லை. நீதிபதி கொரீனிடம் ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று கேட்டார். விசிறி நின்றதைத் தானும் கேட்டதாக அவள் எழுந்து சொன்னாள். அது இந்த வழக்கில் கேட்கப்படுகிற விஷயம் இல்லை என்று நீதிபதி சொன்னார். அவள் உட்கார்ந்துகொண்டாள்.

வெளியே வந்தபோது மணி பன்னிரண்டரை. நவம்பரின் மூன்றாவது வியாழக்கிழமை. புது ஒயின் வெளிவருகிற நாள் என்பதை இரண்டு பேருமே மறந்திருந்தார்கள். தெருவெல்லாம் காகிதக் கொடி. மதுக்கடை வாசலில் பீப்பாய்களை நிறுத்தி மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஜப்பானியர்கள் ஒரு பஸ் நிறைய வந்து இறங்கிப் படம் எடுத்தார்கள். வண்டி எடுக்க வழியில்லை.

"பசிக்குது" என்றாள் கொரீன்.

பக்கத்துச் சந்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சுவரோரம் இடம் கிடைத்தது. வேகவைத்த தொத்திறைச்சியும் உருளைக்கிழங்கும் சொன்னார்கள். பரிமாறுகிறவன் கேட்காமலே இரண்டு கோப்பை வைத்து ஊற்றினான்.

"இன்னைக்கி எல்லாருக்கும் ஒரு கிளாஸ் கடை உபயம். குடிச்சுட்டுச் சிரிங்க" என்றான். இவர்கள் கோட்டையும் முகத்தையும் பார்த்துவிட்டு, மேலே பேசாமல் நகர்ந்தான்.

ரெஜிஸ் கோப்பையை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தார். மோந்தார். கொரீன் ஒரு வாய் எடுத்து, வாயில் வைத்திருந்து, விழுங்கினாள்.

"வாழைப்பழ வாசன" என்றாள்.

"ஆமா. ஈஸ்ட் நெறையப் போட்டுருக்கான்."

"தொட்டியச் சூடேத்தியிருக்கான்."

"கொஞ்சம் அதிகமாவே."

அடுத்த மேசையில் யாரோ பாட ஆரம்பித்தார்கள். தட்டுகள் வந்தன. ரெஜிஸ் தொத்திறைச்சியை வட்டமாக வெட்டிக் கடுகுச் சாந்தில் தோய்த்தார். காரம் மூக்கில் ஏறியது. கண்ணில் நீர் வந்தது, கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். துடைத்த பிறகும் வந்தது. கொரீன் அவரைப் பார்த்தாள். தன் தட்டிலிருந்த உருளைக்கிழங்கில் பாதியை அவர் தட்டுக்குத் தள்ளினாள்.

"சாப்பிடு. ஆறிடும்."